விவாத இழை: காற்றிரைச்சலைச் சிமுலேஷனில் கணக்கிட்டால் டெசிபல் ஏன் கூடுதலாக வருகிறது?

கேள்வி: இயந்திரவியல் இறுதியாண்டு மாணவர், கோவை. 2024 ஜனவரி 18, மாலை

கார் கூரையில் பொருத்தும் கேரியரின் குறுக்குக் கம்பி, வண்டி வேகமெடுத்ததும் ஊளையிடுகிறது. அதையே ப்ராஜெக்ட்டாக எடுத்திருக்கிறோம். கம்பியின் விட்டம் 2 செ.மீ.; காற்றின் வேகம் மணிக்கு 100 கி.மீ. இருபரிமாண மெஷ்ஷில் (காற்று வெளியைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலையில்) ஓட்டியபோது 280 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கூர்மையான சுரம் கிடைத்தது. கல்லூரியின் 60 செ.மீ. அகலக் காற்றுச் சுரங்கத்தில் (விசிறியால் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் கூண்டில்) மைக் வைத்து அளந்தபோதும் ஏறத்தாழ அதே சுரம்தான். ஆனால் ஒலியளவு மட்டும் சிமுலேஷனில் 11 டெசிபல் கூடுதலாக இருக்கிறது. மெஷ்ஷை இன்னும் நெருக்கினால் இது சரியாகுமா?

பதில் 1. ஜனவரி 18, இரவு

சரியாகாது. அதிர்வெண் பொருந்தியதை வைத்துச் சிமுலேஷன் பாதி சரி என்று முடிவுகட்ட வேண்டாம். உருளைக் கம்பிக்குப் பின்னால் சுழல்கள் மாறி மாறிக் கழன்று போகும் வீதம், காற்றின் வேகத்தை விட்டத்தால் வகுத்து 0.2-ஆல் பெருக்கினால் வந்துவிடும். செக் இயற்பியலாளர் ஸ்ட்ரௌஹால் 1878-இல் கம்பிகளைக் காற்றில் சுழற்றிக் கேட்டே கண்டுபிடித்த உறவு அது. மணிக்கு 100 கி.மீ. என்பது நொடிக்கு 27.8 மீட்டர். அதை 0.02-ஆல் வகுத்து 0.2-ஆல் பெருக்கினால் 278 ஹெர்ட்ஸ். கணினியே இல்லாமல் கிடைக்கும் இந்த எண்ணைச் சிமுலேஷன் தருவதில் வியப்பில்லை. ஒலியளவுதான் கடினமான பகுதி. அது தவறாக வருவதற்கு உங்கள் இருபரிமாண மெஷ்ஷே முதல் காரணம் என்று நினைக்கிறேன். விவரமாக நாளை எழுதுகிறேன்.

பதில் 2. ஜனவரி 19

இருபரிமாணத்தில் கணக்கிடும்போது, கம்பியின் இந்த முனையில் கழலும் சுழலும் அந்த முனையில் கழலும் சுழலும் ஒரே கணத்தில், ஒரே திசையில், ஒரே வலிமையோடு கழல்கின்றன என்று நீங்கள் அறியாமலே சொல்லிவிடுகிறீர்கள். உண்மையான கம்பியில் அப்படி நடப்பதில்லை. இந்த வேகத்தில், கம்பியின் நீளத்தில் சில விட்டங்கள் அளவுக்கு மட்டுமே சுழல்கள் இணங்கி அசையும். அதைத் தாண்டினால் ஒரு பகுதி மேலே தள்ளும்போது இன்னொரு பகுதி கீழே தள்ளிக்கொண்டிருக்கும்.

அந்த இணங்கு நீளத்தை 5 விட்டம், அதாவது 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 60 செ.மீ. கம்பியில் அப்படி 6 துண்டுகள். ஆறும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் ஒலித்தால் ஒலித்திறன் ஒரு துண்டினுடையதைப்போல் 6 மடங்கு. ஆறும் ஒத்திசைந்து ஒலித்தால் அழுத்தம் 6 மடங்கு, ஆகவே திறன் 36 மடங்கு. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 8 டெசிபல். உங்கள் 11-இல் பெரும்பங்கு இங்கேயே போய்விட்டது. மிச்சத்துக்கும் காரணம் இருக்கிறது: இருபரிமாணத்தில் சுழல்கள் நீளவாக்கில் உடைந்து சிதற வழியில்லாததால், கம்பியின் மீது ஏற்படும் மேல்-கீழ் விசையின் அலைவே மிகைப்பட்டு வரும்.

மென்பொருளில் ஒலிக் கணக்கீட்டுப் பகுதியைத் திறந்தால், இணங்கு நீளத்தை நாமே கொடுக்கும்படி ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலான மாணவர் அறிக்கைகளில் அங்கே கம்பியின் முழு நீளம் நிரப்பப்பட்டிருக்கிறது. அந்த ஒரு கட்டத்தில் இடும் எண், மெஷ்ஷை எத்தனை முறை நெருக்கினாலும் கிடைக்காத அளவுக்கு விடையை மாற்றிவிடும். எனவே உங்கள் கணிப்பொறி நேரத்தை முப்பரிமாணத்துக்குச் செலவிடுங்கள்: நீளவாக்கில் 4 அல்லது 5 விட்டம் எடுத்துக்கொண்டு, இரு பக்கச் சுவர்களையும் சுழற்சி எல்லையாக, அதாவது ஒரு பக்கம் வெளியேறும் காற்று மறுபக்கம் நுழையும்படி, இணைத்தால் போதும்.

பதில் 3. ஜனவரி 19, சற்று நேரம் கழித்து

அளந்த எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். மூடிய சுவர்களுள்ள சுரங்கத்தில் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி, சில அதிர்வெண்களில் கூடியும் சிலவற்றில் குறைந்தும் காட்டும். அங்குள்ள விசிறியின் இரைச்சலும் உண்டு. மைக்கின் மீதே காற்று மோதி எழும் பொய் இரைச்சலும் உண்டு. சுவரில்லாமல் பாயும் திறந்த காற்றுத் தாரையும் எதிரொலி விழுங்கும் அறையும் உள்ள சுரங்கம்தான் இந்த வேலைக்கு உரியது. அது கிடைக்காவிட்டால், கம்பி இல்லாமல் ஒரு முறையும் கம்பியோடு ஒரு முறையும் அளந்து, இரண்டு நிறமாலைகளையும் (அதிர்வெண்வாரியான ஒலியளவு வரைபடங்களையும்) ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து காட்டுங்கள். தேர்வாளருக்கு அந்த ஒரு படம் பத்துப் பக்க விளக்கத்தைவிடப் பயன்படும்.

பதில் 4. ஜனவரி 22

"காற்றோட்டத்தைச் சரியாகக் கணக்கிட்டால் ஒலியும் தானே வந்துவிடாதா" என்று மற்றொருவர் கேட்டிருக்கிறார். கொள்கையளவில் வந்துவிட வேண்டும். ஒலியும் அதே சமன்பாடுகளுக்குள்தான் இருக்கிறது. 1952-இல் பிரிட்டிஷ் கணிதவியலாளர் லைட்ஹில் வெளியிட்ட கட்டுரையின் ஆழமே அதுதான். காற்றோட்டச் சமன்பாடுகளில் எதையும் விட்டுவிடாமல் இடம் மாற்றி எழுதி, ஒரு பக்கம் அலைச் சமன்பாடும் மறுபக்கம் ஒலியை உண்டாக்கும் மூலமும் நிற்கும்படி அவர் அமைத்துக் காட்டினார். எஞ்சினிலிருந்து பீறிடும் காற்றுத் தாரையின் இரைச்சல் அதன் வேகத்தின் எட்டாம் அடுக்கில் வளர்கிறது என்பதும் அதிலிருந்து வந்தது. வேகத்தைப் பாதியாக்கினால் 24 டெசிபல் குறையும். பயணிகள் விமானங்கள் மெல்லிய, வேகமான தாரையிலிருந்து பெரிய விசிறியுள்ள எஞ்சின்களுக்கு மாறியது எரிபொருளுக்காகத்தான் என்றாலும், இரைச்சல் பெருமளவு குறைந்ததற்கு இந்த எட்டாம் அடுக்கே காரணம்.

சிக்கல் நடைமுறையில் இருக்கிறது. 74 டெசிபல் என்பது காதுக்கு உறுத்தலான ஒலி. அதன் அழுத்தம் 0.1 பாஸ்கல்; நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கல். பத்து டன் லாரியை எடைமேடையில் ஏற்றி, ஓட்டுநரின் சட்டைப் பையிலுள்ள ஒரு நாணயத்தின் எடையை அறிய முயல்வதற்கு ஒப்பான வேலை இது. சாதாரணக் காற்றோட்டக் கணக்கில் யாரும் கவனிக்காத கணக்கீட்டுப் பிழை இங்கே ஒலியைவிடப் பெரிதாக இருக்கும். இரண்டாம் படித் துல்லியமுள்ள முறையில் ஓர் அலைநீளத்துக்கு 20 செல்லாவது இல்லாவிட்டால் அலை போகும் வழியிலேயே தேய்ந்துவிடும். கணக்கீட்டு வெளியின் விளிம்பில் அலையை விழுங்கும் பட்டை வைக்காவிட்டால் அது திரும்பி வந்து, இல்லாத ஒலியை உண்டாக்கும்.

அதனால்தான் வேலையை இரண்டாகப் பிரிக்கிறோம். பொருளுக்கு அருகில் கொந்தளிப்பை நேரத்தோடு சேர்த்து நுணுக்கமாகக் கணக்கிட்டு, பொருளின் பரப்பிலோ அதைச் சூழ்ந்த கற்பனைப் பரப்பிலோ பதிவான அழுத்தத்தைக் கொண்டு, 1969-இல் ஃபௌக்ஸ் வில்லியம்ஸும் ஹாக்கிங்ஸும் தந்த சமன்பாட்டின் வழியே தொலைவிலுள்ள காதுக்கு ஒலியைக் கொண்டுபோகிறோம். இடைப்பட்ட வெளிக்கு மெஷ் தேவையில்லை. ஆனால் கற்பனைப் பரப்பைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பின்னால் ஓடிவரும் சுழல்கள் அந்தப் பரப்பை அறுத்துக்கொண்டு போகும்போது பொய் ஒலி தோன்றும். பின்புற மூடியைச் சற்றுச் சற்றுத் தள்ளிப் பல இடங்களில் வைத்து, விடைகளைச் சராசரி எடுப்பது நடைமுறையில் உள்ள தீர்வு.

பதில் 5. ஜனவரி 23

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அலைநீளத்துக்கு 20 செல் என்ற கணக்கு ஒலி பரவுவதற்கு மட்டுமே. 5000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 6.8 செ.மீ.; அதற்கு 3 மி.மீ. செல் போதும். அதே 5000 ஹெர்ட்ஸில் பரப்பை ஒட்டி உருண்டோடும் சுழலின் அளவோ, வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால், 6 மி.மீ.க்கும் குறைவு. அதைப் பிடிக்க அரை மி.மீ. செல் வேண்டும். செல்லின் அளவைப் பாதியாக்கினால் செல்களின் எண்ணிக்கை 8 மடங்கு. காலப் படியும் பாதியாக வேண்டியிருப்பதால் செலவு 16 மடங்கு. கார் முழுவதற்கும் இதைச் செய்ய எவராலும் இயலாது. முன்தூண் (முன்கண்ணாடியின் ஓரத்தூண்), பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடி, அதன் பின்னாலுள்ள ஜன்னல் ஆகிய இடங்களில் மட்டும் நெருக்கமாகச் செல்களை வைப்பதற்கு இதுவே காரணம்.

பதில் 6. ஜனவரி 27

பக்கக் கண்ணாடி என்றதும் பலர் அதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கார்களின் காற்றிரைச்சல் வேலையில் இருப்பவன் என்ற முறையில், சிமுலேஷனை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம் பக்கக் கண்ணாடி உறையின் சீழ்க்கைதான். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உறை வழவழப்பான பிளாஸ்டிக். அதன் மீது காற்று சீராக, கொந்தளிப்பில்லாமல் வழுக்கிச் செல்கிறது. பின்விளிம்பை நெருங்கும்போது பரப்பிலிருந்து மெல்ல விலகத் தொடங்கும் அந்த மெல்லிய அடுக்கில் சிற்றலைகள் எழுந்து, விளிம்பைத் தாண்டும்போது ஒலியாகின்றன. அந்த ஒலி முன்னோக்கிப் பரவி, அடுக்கில் அதே அதிர்வெண்ணில் அடுத்த சிற்றலையைத் தூண்டுகிறது. வட்டம் மூடிக்கொண்டதும் உள்ளே அமர்ந்திருப்பவரின் காதில் ஒரு சுத்தமான சீழ்க்கை விழுகிறது. வேகத்தைக் கூட்டினால் சுரம் சீராக ஏறுவதில்லை. ஓரளவு ஏறி, ஒரு படி தாவி, மறுபடி ஏறும். அந்தத் தாவலைக் கேட்டவுடனேயே அனுபவமுள்ளவர் நோய் இன்னதென்று சொல்லிவிடுவார்.

காற்றுச் சுரங்கத்தில் இதைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. விளிம்புக்கு முன்னால் உறையின் மீது விரல்நுனியை வைத்தால் சீழ்க்கை சட்டென்று நின்றுவிடும். விரலை எடுத்தால் திரும்பிவிடும். விரலுக்குப் பதிலாகப் பெயின்டர்கள் ஒட்டும் பேப்பர் டேப்பில் ஒரு கீற்றைப் பல்வரிசைபோல் வெட்டி ஒட்டினாலும் அதே பலன். பரப்பில் சிறு தடை இருந்தால் காற்று அடுக்கு அங்கேயே கொந்தளித்துவிடுகிறது. சிற்றலைகள் ஒழுங்காக வளர இடமிருப்பதில்லை. சில கார்களின் பக்கக் கண்ணாடி உறையில் விளிம்பையொட்டி வரிசையாகச் சிறு மேடுகளையோ மெல்லிய வரம்பையோ பார்த்திருப்பீர்கள். அவற்றுள் பல இந்த வேலைக்காகவே வைக்கப்பட்டவை. வானொலி ஆன்டெனாவில் சுருளாகச் சுற்றியிருக்கும் கம்பியின் வேலை சற்று வேறு: அது நீளவாக்கில் சுழல்கள் இணங்கிக் கழலாமல் பார்த்துக்கொள்கிறது. பதில் 2-இல் சொன்ன இணங்கு நீளத்தை உடைக்கும் கருவி என்று அதைச் சொல்லலாம். உங்கள் கேரியர் கம்பிக்கும் அதுவே மருந்து. உயரமான புகைபோக்கிகளின் உச்சியில் சுருள் தகடுகள் வைப்பதும் இதே தத்துவம்தான், அங்கே ஒலிக்காக அல்லாமல் ஆட்டத்தைத் தடுப்பதற்காக.

இனிச் சிமுலேஷனுக்கு வருவோம். முழுக் காரைக் கணக்கிடும்போது செல்களை மிச்சப்படுத்த, பரப்பை ஒட்டிய அடுக்கை நேரடியாகக் கணக்கிடாமல் ஒரு சூத்திரத்தால் நிரப்புகிறோம். அடுக்கு தொடக்கத்திலிருந்தே கொந்தளிப்பானது என்று அந்தச் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. சீழ்க்கை பிறப்பதோ கொந்தளிக்காத அடுக்கில். எனவே சிமுலேஷனில் எத்தனை கோடி செல்கள் இருந்தாலும் அந்தச் சீழ்க்கை வராது; உறை அமைதியானது என்று அறிக்கை சொல்லும். வடிவமைப்பு உறுதியாகி, அச்சு வெட்டி, முதல் வண்டி நெடுஞ்சாலையில் ஓடும்போதுதான் அது கேட்கும். அதைக் கணினியிலேயே பிடிக்க வேண்டுமானால் உறையை மட்டும் தனியாக எடுத்து, சூத்திரம் இல்லாமல் பரப்புவரை செல்களை இறக்கி, உள்வரும் காற்றையும் செயற்கையான அலைவுகள் இல்லாமல் அமைத்து ஓட்ட வேண்டும். முடியக்கூடிய வேலைதான், ஆனால் எங்கே தேட வேண்டும் என்று முன்பே சந்தேகிப்பவருக்கு மட்டுமே அது முடியும்.

இதைக் கேட்டுச் சிமுலேஷன் பயனற்றது என்று எண்ண வேண்டாம். உறையின் பின்னால் உருளும் பரந்த, சுரமற்ற இரைச்சலில் எந்தப் பகுதி முன்தூணிலிருந்து வருகிறது, எந்தப் பகுதி கண்ணாடியின் காலிலிருந்து வருகிறது என்பதைச் சுரங்கத்து மைக்குகளைவிடத் தெளிவாக அது பிரித்துக் காட்டும். இரண்டு வடிவங்களில் எது மேல் என்று கேட்டால் நம்பகமாகச் சொல்லும். தனி ஒரு வடிவம் எத்தனை டெசிபல் என்று கேட்டால்தான் விடையைச் சோதிக்காமல் ஏற்கக் கூடாது.

பதில் 7. ஜனவரி 29

ஜன்னல் கண்ணாடியில் பதிவாகும் அழுத்தம் முழுவதையும் ஒலி என்று எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு: கூடாது. அதில் மிகப் பெரும்பகுதி சுழல்கள் உரசிச் செல்லும்போது ஏற்படும் அழுத்த அலைவு; உண்மையான ஒலி அதில் ஒரு சிறு பங்கே. ஆனால் உள்ளே கேட்பதில் அந்தச் சிறு பங்குக்கு உரிய இடம் மிகப் பெரிது. சுழல்களின் அளவு மி.மீ. கணக்கில் இருப்பதால், கண்ணாடியின் மீது அவற்றின் தள்ளலும் இழுப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. ஒலியின் அலைநீளம் கண்ணாடியின் வளைவு அலைகளோடு ஒத்துப்போகும் அதிர்வெண்ணில், 4 மி.மீ. கண்ணாடிக்கு அது 3000 ஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது, கண்ணாடி ஒலிக்குத் திறந்த கதவாகிவிடும். மனிதக் காது கூர்மையாக இருப்பதும் அந்தப் பகுதியில்தான். நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த இரட்டைக் கண்ணாடியைப் பக்க ஜன்னல்களுக்கும் போடத் தொடங்கியிருப்பது இதனால்தான். மின்சாரக் கார்களில் எஞ்சின் சத்தம் மறைத்துக்கொள்ளாததால் இந்தத் தேவை கூடிவிட்டது.

பதில் 8. பிப்ரவரி 2

ஜப்பானின் புல்லட் ரயில் ஆந்தையின் சிறகைப் பார்த்து அமைதியாக்கப்பட்டது என்று பகிர்ந்தவருக்கு. செய்தி சரி, ஆனால் முழுமையானதல்ல. 1997-இல் மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயிலில், மேலேயுள்ள மின்கம்பியைத் தொடும் பான்டோகிராஃப் சிறகு வடிவில் அமைக்கப்பட்டது. ஆந்தையின் இறகு விளிம்பைப் பார்த்து அதன் பக்கங்களில் சிறு பற்களும் வைக்கப்பட்டன. பெரிய சுழல்கள் உருவாகுமுன் சிறு சுழல்களாக உடைப்பதே நோக்கம். குடியிருப்புப் பகுதிகளில் 70 டெசிபல் என்ற 1975-ஆம் ஆண்டு வரம்பு அவர்களை அந்த நுணுக்கத்துக்குத் தள்ளியது.

ஆனால் அதே காலத்தில் நடந்த இன்னொரு மாற்றம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. முதல் புல்லட் ரயில்களின் 16 பெட்டிகளுக்கு 8 பான்டோகிராஃப்கள் இருந்தன. 500 வரிசையில் 2 மட்டுமே. இரைச்சல் தரும் பொருளையே அகற்ற முடியுமானால் அதற்கு ஈடான வடிவமைப்பு எதுவுமில்லை. சிறகு வடிவ பான்டோகிராஃபும் நிலைக்கவில்லை. பின்னர் வந்த வரிசைகள் ஒற்றைக் கை அமைப்புக்கு மாறிவிட்டன. காற்றாலை இறக்கைகளின் பின்விளிம்பில் ஒட்டும் பற்கள் மட்டும் நிலைபெற்றுவிட்டன; அங்கும் தாழ்ந்த, நடுத்தர அதிர்வெண்களில் சில டெசிபல் குறையும்போது உயர்ந்த அதிர்வெண்ணில் சற்றுக் கூடக்கூடும் என்பதைக் கணக்கில் வைத்தே வடிவமைக்கிறார்கள்.

பதில் 9. பிப்ரவரி 4

பதில் 6-ஐ மறுபடி படித்தபோது, அளவீட்டின் பக்கம் சற்று அதிகமாகச் சாய்ந்துவிட்டதாகத் தோன்றியது. சுரங்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு: அங்கே காற்று சீராக வருகிறது. பிற்பகலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கி வண்டி ஓட்டினால், கடற்காற்று பக்கவாட்டில் வீசும். சவுக்குத் தோப்பைக் கடக்கும்போது அடங்கி, வெளியைக் கடக்கும்போது மறுபடி அறையும். முன்தூணில் காற்று படும் கோணம் அதற்கேற்ப மாறுவதால் இரைச்சல் ஏறி இறங்குகிறது. சராசரி டெசிபல் அப்படியே இருந்தாலும் அந்த ஏற்ற இறக்கமே மனிதரை அதிகம் தொந்தரவு செய்கிறது. உள்வரும் காற்றின் கோணத்தை நேரத்தோடு மாற்றி ஓட்டிப் பார்க்கும் வசதி சிமுலேஷனில் எளிதாகக் கிடைக்கிறது; பெரும்பாலான சுரங்கங்களில் கிடைப்பதில்லை. நம் சாலைகளுக்காக வடிவமைப்பவர்கள் இதை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மாணவர். பிப்ரவரி 11

நீளவாக்கில் 5 விட்டம் எடுத்து முப்பரிமாணத்தில் ஓட்டினோம். வேறுபாடு 3 டெசிபலாகக் குறைந்துவிட்டது. விடையைக் கையால் சரிபார்க்க வழி உண்டா?

பதில் 10. பிப்ரவரி 11, இரவு

உண்டு. அறிக்கையில் அதைக் கட்டாயம் சேருங்கள். ஒரு துண்டின் அளவு அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருப்பதால் (280 ஹெர்ட்ஸில் அலைநீளம் 1.2 மீட்டர்), 1955-இல் கர்ல் தந்த எளிய வடிவமே போதும்: துண்டின் மீதான விசை நேரத்தோடு மாறும் வீதத்தை, 4π, ஒலியின் வேகம், தொலைவு ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்தால் ஒலியழுத்தம் கிடைக்கும்.

10 செ.மீ. துண்டின் முகப்புப் பரப்பு 0.002 ச.மீ. காற்றின் இயக்க அழுத்தம் ஏறத்தாழ 463 பாஸ்கல். விசை அலைவின் கெழு 0.5 என்று கொண்டால் விசை 0.46 நியூட்டன். அதை 2π, 278 ஆகியவற்றால் பெருக்கினால் மாறும் வீதம் நொடிக்கு 800 நியூட்டனுக்குச் சற்று மேல். ஒரு மீட்டர் தொலைவில், விசையின் திசையில், ஒலியழுத்தம் 0.19 பாஸ்கல், அதாவது ஏறத்தாழ 80 டெசிபல். ஆறு துண்டுகளுக்கு 8 சேர்த்துக்கொள்ளுங்கள். சிமுலேஷனிலிருந்து விசையின் கெழுவை எடுத்து 0.5-க்குப் பதிலாகப் போட்டு, அதே தொலைவுக்கும் கோணத்துக்கும் ஒப்பிடுங்கள். மென்பொருளின் விடை இதிலிருந்து 2 டெசிபலுக்கு மேல் விலகினால், முதலில் அந்த இணங்கு நீளக் கட்டத்தையும், பிறகு மைக் இருக்கும் இடத்தின் ஆயத்தொலைவுகளையும், அதன் பிறகு தொடக்க அலைவுகள் அடங்குமுன்பே தரவைப் பதியத் தொடங்கிவிட்டீர்களா என்பதையும் பாருங்கள்.